கையெழுத்துக்கு முன் ஒரு பாடவேளை

பி.எட். பயிற்சி மாணவர்கள் வந்து சேரும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நான் ஒரு கல்வியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்தல் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் எங்கள் மாணவர்களை உங்கள் பள்ளிகளுக்கு அனுப்புவதும், திரும்பி வரும்போது அவர்கள் கொண்டுவரும் ரெக்கார்டுகளைத் திருத்துவதும் என் வேலை. அந்த ரெக்கார்டுகளின் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்து இருக்கிறது, பள்ளியின் முத்திரை இருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். சுற்றறிக்கையாக அனுப்பினால் கோப்பில் போய்ச் சேரும். கருத்தரங்கில் பேசினால் வந்திருப்பவர்கள் எல்லாரும் எங்களைப் போன்ற கல்லூரிக்காரர்களாகவே இருப்பார்கள். அதனால்தான் இந்த மடல்.

உற்றுநோக்கல் பதிவேடு என்று ஒன்று உண்டு. பயிற்சிக்கு வருகிறவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து எழுத வேண்டிய நோட்டு அது. அதில் நான் படிப்பது பெரும்பாலும் இதுதான்: “ஆசிரியர் பாடத்தை ஆர்வமூட்டும் வகையில் அறிமுகம் செய்தார். துணைக்கருவிகளைப் பொருத்தமாகப் பயன்படுத்தினார். மாணவர்களின் ஐயங்களைத் தெளிவுபடுத்தினார். வகுப்பறை மேலாண்மை நன்று.” பள்ளி மாறுகிறது, பாடம் மாறுகிறது, தேதி மாறுகிறது. இந்த நான்கு வாக்கியங்கள் மட்டும் மாறுவதில்லை. போன வருடத்து சீனியரின் ரெக்கார்டிலிருந்தோ, கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்தோ அவை வருகின்றன. எழுதிய பிள்ளைமேல் எனக்குக் கோபம் வருவதில்லை. எழுத அவளிடம் வேறு எதுவும் இல்லை. ஏனென்றால் அவள் எந்த வகுப்பையும் பார்க்கவே இல்லை.

பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகள் பி.எட்.டை இரண்டாண்டுப் படிப்பாக்கியபோது பள்ளிப் பயிற்சியை 20 வாரமாக உயர்த்தின: முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். அதில் தொடக்கத்தில் ஒரு வாரம், வழக்கமான ஆசிரியர் வழக்கமான வகுப்பை நடத்துவதைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வாரம் உங்கள் பள்ளியில் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை, இறைவணக்கத்துக்கு முன்பே அனுமதிக் கடிதத்தோடு ஏழெட்டுப் பேர் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பார்கள். உள்ளே அழைக்கப்படும்போது அன்று விடுப்பில் இருக்கும் ஆசிரியர்களின் பட்டியல் மேசைமேல் இருக்கும். “நீ மேத்ஸா? எட்டு-பி காலியா இருக்கு, போய்ப் பாத்துக்கம்மா.” அவ்வளவுதான். உற்றுநோக்கல் வாரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று மாலைக்குள் அவள் நான்கு வகுப்புகளில் பிள்ளைகளைக் கத்தாமல் உட்கார வைத்திருப்பாள். அந்த வார இறுதிக்குள் இரண்டு வகுப்பின் நோட்டுகளைத் திருத்தி, மதிப்பெண் பட்டியல் கூட்டி, அறிவியல் கண்காட்சிக்குச் சார்ட்டும் எழுதியிருப்பாள். கடைசி நாளன்று கட்டுக்கட்டாக ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து வைப்பாள். நீங்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டிக் கையெழுத்துப் போடுவீர்கள். “நல்லா பண்ணும்மா” என்று வாழ்த்தியும் அனுப்புவீர்கள்.

உங்கள் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பெண் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதை எடுக்காமலே போகிறாள்.

“பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல உக்காந்தவதானே, இன்னும் என்ன பார்க்கணும்?” என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பன்னிரண்டு வருடம்தான் சிக்கல். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் வெளியிட்ட ‘ஸ்கூல்டீச்சர்’ நூலில் ஒரு கணக்குப் போட்டார். பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிடுகிறார். ஆனால் மாணவரின் இடத்திலிருந்து பார்க்கிறார். ஆசிரியர் செய்வது தெரிகிறது. ஏன் செய்தார், செய்வதற்கு முன் எதையெல்லாம் யோசித்து ஒதுக்கினார் என்பது தெரிவதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரின் குரலையும் கையசைவையும் அப்படியே செய்து காட்டிவிட்டு, வகுப்பு ஏன் பிடியில் நிற்கவில்லை என்று திகைப்பது இதனால்தான். இந்தப் பழைய பார்வையை மாற்றும் வலிமை எங்கள் கல்லூரிப் பாடங்களுக்குக் கிடையாது. உங்கள் வகுப்பறைக்கு உண்டு.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். மேற்பார்வைக்குப் போன ஓர் அரசுப் பள்ளியில், எங்கள் மாணவி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது. ஆறாம் வகுப்பு, பின்னங்களின் கூட்டல். பலகையில் 1/2 + 1/3. ஆசிரியை ஒரு சிறுமியைக் கூப்பிட்டார். அவள் வந்து மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி 2/5 என்று எழுதினாள். ஆசிரியை தப்பு என்று சொல்லவில்லை, அழிக்கவும் இல்லை. வகுப்பைப் பார்த்து, “இந்த 2/5 பெருசா, 1/2 பெருசா?” என்று கேட்டார். ஒரே சத்தம். ஒரு பையன் எழுந்து, “அஞ்சுல பாதி ரெண்டரை டீச்சர். ரெண்டு அதைவிடக் கம்மி. அப்ப 1/2 தான் பெருசு” என்றான். “சரி, பாதி இருந்துச்சு. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். சேர்த்த பிறகு பாதியைவிடக் கொறைஞ்சு போச்சே, அது எப்படி?” என்றார் ஆசிரியை. யாரும் பேசவில்லை. பலகை முன் நின்றிருந்த சிறுமியே டஸ்டரை எடுத்துத் தான் எழுதியதை அழித்தாள்.

என் பக்கத்தில் இருந்த மாணவியின் நோட்டைப் பார்த்தேன். “ஐயங்களைத் தெளிவுபடுத்தினார்” என்று எழுதியிருந்தாள்.

மணி அடித்ததும் அந்த ஆசிரியையிடம், ஏன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “முக்கால்வாசிப் பேர் இந்தத் தப்பைத்தான் சார் பண்றாங்க. வீட்டுக்கணக்கு நோட்டுல பார்த்தேன். இவளைக் கூப்பிட்டா, தப்புன்னு தெரிஞ்சாலும் சிரிச்சுக்கிட்டே திருத்திப்பா. பக்கத்துல இருக்கற பொண்ணைக் கூப்பிட்டிருந்தா, ஒரு வாரத்துக்கு வாயே திறக்க மாட்டா.” முந்தின நாள் நோட்டில் கண்ட தவறு, அடுத்த நாள் வகுப்பின் தொடக்கப்புள்ளி ஆயிற்று. தவறைத் தாங்கக்கூடிய பிள்ளை யார் என்று தெரிந்து அவளைப் பலகைக்கு அழைத்தார். தவறான விடையே தன்னைக் காட்டிக் கொடுக்கும்படி ஒரு கேள்வியைக் கையில் வைத்திருந்தார். எங்கள் கல்லூரியின் உளவியல் புத்தகத்தில் ‘தனியாள் வேறுபாடுகள்’ என்று ஒரு தலைப்பு உண்டு. எங்கள் மாணவி அதற்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். அந்தத் தலைப்பு ஒரு வகுப்பறையில் எப்படி நடமாடும் என்பதை அன்றுதான் கேட்டாள்.

அந்த விளக்கத்துக்கு ஆசிரியைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் அவரோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருக்கும். உங்களில் ஒவ்வொருவரிடமும் இப்படி நூறு சங்கதிகள் இருக்கின்றன. பழகிப்போனதால் உங்களுக்கே அவை கண்ணில் படுவதில்லை. புதிதாக வருகிறவளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

மூத்தவரிடம் இப்படிக் கற்றுக்கொள்வது நமக்குப் புதிய ஏற்பாடும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பார்வையில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான். மணலில் எழுதிப் பழகும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கண்ட ஆண்ட்ரூ பெல், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளியில் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போயிற்று. உ.வே.சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் பாடம் சொல்லிப் பழகிய பிறகே, 1880-ல் கும்பகோணம் கல்லூரி வகுப்பில் போய் நின்றார். மூத்தவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இளையவர் கற்பிப்பது இந்த மண்ணில் வேரோடியிருந்த வழக்கம். இன்று இளையவர் வகுப்புக்குள் நுழைந்ததும் மூத்தவர் வெளியே போய்விடுகிறார்.

நீங்கள் வெளியே போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. எமிஸ் இணையதளப் பதிவு காத்திருக்கிறது. நலத்திட்டப் பொருள்களுக்குக் கணக்கு எழுத வேண்டும். காலிப் பணியிடம் நிரப்பப்படாததால் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறீர்கள். தேர்தல் வந்தால் அந்தப் பணி, கணக்கெடுப்பு வந்தால் அந்தப் பணி. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் மூச்சு விடலாம் என்று தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் அந்த வேலைப்பளுவுக்கு மாற்று கேட்க வேண்டிய இடம் கல்வித் துறை. சம்பளம் இல்லாமல், சொல்லப்போனால் கல்லூரிக்குக் கட்டணமும் கட்டிவிட்டு வந்து நிற்கும் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையில் அதை இறக்கிவைப்பது நியாயமில்லை.

“போர்ஷன் நின்னுடும், ரிசல்ட் போயிடும்” என்பது அடுத்த காரணம். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பயிற்சி மாணவர் கண்ணிலேயே காட்டாத தனியார் பள்ளிகள் உண்டு. அங்கே அவர்கள் கற்பிக்க வேண்டாம், சரி. நீங்கள் நடத்தும்போது பின்னால் உட்கார்ந்து பார்ப்பதால் எந்தப் பாடமும் நிற்காது. உண்மையில் உங்கள் கூர்மையான பாடங்கள் அந்த வகுப்புகளில்தான் நடக்கின்றன. அவற்றைத்தான் நீங்கள் மூடி வைக்கிறீர்கள்.

வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு உங்கள் வகுப்புக்குள் பெரியவர்கள் யாராவது வந்து உட்கார்ந்தால், அது பெரும்பாலும் ஆய்வுக்கு வரும் அதிகாரி. பார்ப்பது என்றாலே குறை கண்டுபிடிப்பது என்று ஆகிவிட்டது. அதனால் ஒரு மாணவி நோட்டோடு பின்னால் உட்கார்ந்தாலும் உங்களுக்கு உறுத்துகிறது. அவள் உங்களுக்கு மதிப்பெண் போட வரவில்லை. அன்றைய பாடம் சொதப்பிவிட்டதா? அதுவும் நல்லதுதான். “இன்னிக்கு இது எடுபடல. எடுத்துக்காட்டு கஷ்டமாப் போச்சு, நாளைக்கு வேற மாதிரி ஆரம்பிக்கப் போறேன்” என்று அவளிடம் சொல்லுங்கள். இருபது வருடம் நடத்தியவருக்கும் ஒரு பாடம் வழுக்கும், மறுநாள் அதை நிமிர்த்தலாம் என்று அவள் தெரிந்துகொள்வாள். முதல் வேலையில், முதல் மாதம், வீட்டுக்குப் போய் அழும் நாளில் அவளுக்கு அதுதான் கைகொடுக்கும்.

“வர்ற பசங்களுக்கே அக்கறை இல்லையே சார்” என்றும் உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். பாதி உண்மை. கல்லூரிப் பக்கமே வராமல் பட்டம் வாங்கிவிடலாம் என்று சேருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் இருக்கின்றன. நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேலுள்ள தனித்தியங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012-ல் கண்டதை, 2020 தேசியக் கல்விக் கொள்கையே எடுத்துச் சொல்கிறது. எங்கள் தரப்பின் அழுக்கை நான் மறைக்கவில்லை. அதனால்தான் உங்கள் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஆசிரியர் தகுதித் தேர்வு 150 கொள்குறி வினாக்களைக் கேட்கிறது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கத் தெரியுமா என்று அது கேட்பதில்லை. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர் ரெக்கார்டைப் புரட்டுகிறார். பாடம் எடுக்கச் சொன்னாலும் அது ஒத்திகை பார்த்து வைத்த பாடம். உண்மையான பிள்ளைகளோடு, நாள்கணக்கில், ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், இவரை யாருமே பார்க்கவில்லை என்று பொருள்.

எங்கள் கல்லூரிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஒரே மேற்பார்வையாளருக்கு ஏழெட்டுப் பள்ளிகளைக் கட்டிவிட்டு, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் தலைகாட்டச் சொல்வதை நிறுத்த வேண்டும். கட்டம் போட்ட பாடத்திட்டம், கலர் பேனாவில் பார்டர், தங்க நிற அட்டை என்று ராத்திரி முழுக்கப் பிள்ளைகளை உட்கார வைக்கும் ரெக்கார்டு மோகம் ஒழிய வேண்டும். பயிற்சி மாணவரை அனுப்பும் முன் உங்களோடு உட்கார்ந்து என்ன எதிர்பார்க்கிறோம் என்று பேச வேண்டும். வெறும் கடிதத்தைக் கொடுத்தனுப்புவது மரியாதை ஆகாது. அரசும் செய்ய வேண்டும். பயிற்சிக்கு இடம் தரும் பள்ளிகளை ஒத்துழைக்கும் பள்ளிகளாகத் துறை அங்கீகரித்து, கருவிகளுக்கும் மேற்பார்வைக்கும் தனி மானியம் தர வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966-லேயே பரிந்துரைத்தது. அப்படி ஒரு மானியம் உங்கள் பள்ளிக்கு வந்ததுண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வழிகாட்டும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது குறைத்துக் கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். இதைக் கேட்பதில் நாங்கள் உங்களோடு நிற்கிறோம்.

ஆனால் மானியம் வரும்வரை, கல்லூரி திருந்தும்வரை காத்திருக்க முடியாது. பி.எட்.டை மறுபடியும் ஓராண்டுக்குச் சுருக்க வழிசெய்யும் வரைவு விதிகள் 2025-ல் வெளியாகிவிட்டன. படிப்பு சுருங்கினால் உங்கள் பள்ளியில் அவர்கள் இருக்கும் நாளும் சுருங்கும். குறைந்த நாள்களில் நிறையத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அது உங்களால் மட்டுமே நடக்கும். அதனால் இப்போதே, இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்கிறேன். எதற்கும் அரசாணை தேவையில்லை.

தலைமையாசிரியர்களே, முதல் வாரம் பயிற்சி மாணவர் பெயரை மாற்றுப் பாடவேளைப் பட்டியலில் எழுதாதீர்கள். அவர் உட்கார ஒரு நாற்காலியும், பை வைக்க ஓர் இடமும், பெண்களுக்குப் பூட்டுள்ள கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற தகவலும் கொடுங்கள். காலை இறைவணக்கத்தில் “இவங்க உங்க புது டீச்சர்” என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யுங்கள். அதன் பிறகு வகுப்பில் அவர் பாதிக் குரலில் கத்தினாலே போதும்.

வழிகாட்டி ஆசிரியர்களே, அந்த முதல் வாரம் உங்கள் வகுப்பின் பின் பெஞ்சில் அவருக்கு இடம் கொடுங்கள். வகுப்புக்குள் போகும் வழியில் இன்று என்ன செய்யப் போகிறீர்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். வெளியே வரும்போது ஏதாவது ஒன்றை ஏன் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்: ஏன் அந்தப் பையனை இடம் மாற்றினீர்கள், ஏன் அந்தக் கணக்கைத் தாண்டிப் போனீர்கள், ஏன் ஒரு பிள்ளையின் பதிலைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தீர்கள். ‘வகுப்பறை மேலாண்மை நன்று’ என்று எழுதிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்து, எதைப் பார்த்து அப்படி எழுதினாய் என்று கேளுங்கள்.

அவர் பாடம் எடுக்கத் தொடங்கியதும் வகுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். எல்லாப் பாடவேளையும் இருக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும். நடுவில் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். பிள்ளைகள் முன்னால் அவர் முகம் வாடினால் அந்த வகுப்பு அதன்பின் அவர் பேச்சைக் கேட்காது. முடிந்ததும் அவர் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வரி, எது சரியாக வந்தது. இன்னொரு வரி, நாளை எதை மாற்றலாம். “வெரி குட்” என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று. பார்க்காத பாடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பிள்ளை கெஞ்சினாலும், எங்கள் கல்லூரியிலிருந்து போன் வந்தாலும், நானே வந்து கேட்டாலும் போடாதீர்கள். “நாளைக்கு மூணாவது பீரியட் எடு, பார்த்துட்டுப் போடறேன்” என்று சொல்லுங்கள். கட்டுக்கட்டாகக் கையெழுத்து கிடைக்காது என்று தெரிந்தால் எங்கள் கல்லூரிகள் திருந்தும். மாணவர்களும் பாடத்தைத் தயாரித்துக்கொண்டு வருவார்கள்.

அடுத்த முறை ஒரு ரெக்கார்டு உங்கள் மேசைக்கு வரும்போது பேனாவை எடுக்கும் முன் அந்தப் பயிற்சி ஆசிரியரோடு வகுப்புக்குப் போய் ஒரு பாடவேளை உட்காருங்கள். நாங்கள் உங்களிடம் கேட்பது அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான்.

அன்புடன்,
உங்கள் பள்ளிகளுக்கு மாணவர்களை அனுப்பும் கல்வியியல் விரிவுரையாளர் ஒருவர்